மோட்டார்ஹோமில் ஐரோப்பிய மலைப்பாதைகள்: குளிர்கால டயரும் பனிச் சங்கிலியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மோட்டார்ஹோமில் ஆல்ப்ஸ் பக்கம் போகும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. வண்டியில் சமையல், படுக்கை, ஹீட்டர் எல்லாம் இருக்கும். டயரைப் பற்றி மட்டும் பெரும்பாலும் எல்லையில் நிற்கும்போதுதான் கேள்வி வருகிறது. அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எல்லா நாட்டுச் சட்டத்தையும் படிக்க நேரமில்லை. எதை வைத்திருந்தால் போதும்?

நான்கு சக்கரத்திலும், மலைச் சின்னத்துக்குள் பனிப்பூ பொறித்த குளிர்கால டயர் இருக்க வேண்டும். டயரின் மேற்பரப்பில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அத்துடன் பனியில் பிடிப்புக்காக டயரைச் சுற்றி மாட்டும் பனிச் சங்கிலி ஒரு ஜோடி, உங்கள் டயர் அளவுக்குச் சரியாகப் பொருந்துவதாக. வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3.5 டன்னுக்குள் இருந்தால், இந்த இரண்டும் போதும். ஆல்ப்ஸ் நாடுகளில் எங்கேயும் சட்டத்தில் மாட்ட மாட்டீர்கள்.

சட்டத்துக்குப் போதும் என்பதற்காக ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்புவதை நான் ஏற்பதில்லை. கார் சறுக்கினால் நான்கு பேர் தள்ளி ஓரம் கட்டலாம். மூன்றரை டன் வண்டியைத் தள்ள முடியாது. அது குறுக்கே நின்றால் அந்த மலைப்பாதையே அடைபடும், பின்னால் வரும் ஆம்புலன்ஸ் உட்பட.

டயரில் 'எம் பிளஸ் எஸ்' (M+S) என்று போட்டிருக்கிறது. அது குளிர்கால டயர்தானே?

அந்த எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். 'சேறும் பனியும்' என்ற பொருளில் டயர் நிறுவனம் தானே போட்டுக்கொள்வது அது; அதற்கென்று பனியில் ஓட்டிப் பார்க்கும் கட்டாயச் சோதனை கிடையாது. மூன்று சிகரம் கொண்ட மலை, அதன் நடுவே பனிப்பூ என்று ஒரு சின்னம் இருக்கிறதே, அதைப் போட வேண்டுமானால்தான் பனித் தரையில் பிடிப்பைச் சோதித்து, ஒப்பீட்டு டயரைவிட நிர்ணயித்த அளவு மேலாக இருப்பதைக் காட்ட வேண்டும்.

நாடுகளும் ஒவ்வொன்றாக இந்தச் சின்னத்தின் பக்கம் நகர்ந்துவிட்டன. ஜெர்மனியில் 2017 இறுதி வரை தயாரான 'எம் பிளஸ் எஸ்' டயர்களுக்குக் கொடுத்த சலுகை 2024 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. பிரான்ஸில் 2024 நவம்பர் 1 முதலும் சுவீடனில் 2024 டிசம்பர் 1 முதலும் பனிப்பூ இருந்தால்தான் கணக்கில் வரும். ஆஸ்திரியாவும் இத்தாலியும் இன்னும் 'எம் பிளஸ் எஸ்' எழுத்தை ஏற்கின்றன.

மோட்டார்ஹோம்காரர்கள் இதில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வண்டியோடு வரும் 'கேம்பிங்' ரக டயர்கள் சிலவற்றில் 'எம் பிளஸ் எஸ்' மட்டுமே இருக்கும். ஈரப் புல்வெளியில் நிறுத்தி எடுக்க அது உதவும். பனிப்பூ இல்லையென்றால் ஜெர்மனியில் அது கோடைக்கால டயர்தான். இப்போதே வெளியே போய் டயரின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சின்னம் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும்.

ஜெர்மனியில் எந்தத் தேதியிலிருந்து கட்டாயம்?

தேதியே கிடையாது. சாலையில் பனி, சேறுபோல் இளகிய பனி, கண்ணாடிபோல் பனிக்கட்டி, உறைபனிப் பூச்சு என எது இருந்தாலும் அந்த நேரத்தில் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது. மே மாதத்தில் பனி பெய்தாலும் இதே விதிதான். டிசம்பரில் சாலை காய்ந்திருந்தால் கோடை டயரோடு ஓட்டலாம். 'அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை' என்று அங்கே சொல்வது சட்டமல்ல, ஞாபகத்துக்காகச் சொல்லும் வழக்கு.

பிடிபட்டால் 60 யூரோ அபராதம், ஓட்டுநர் பதிவில் ஒரு தண்டனைப் புள்ளி. போக்குவரத்தை மறித்தால் 80 யூரோ. வண்டியின் உரிமையாளர் வேறொருவரை அப்படி ஓட்ட விட்டால் அவருக்கு 75 யூரோ.

கோடை டயரின் மேல் சங்கிலி மாட்டினால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். ஜெர்மனியில் போதாது. சங்கிலி அங்கே குளிர்கால டயருக்கு மாற்று இல்லை.

ஆஸ்திரியாவிலும் அப்படித்தானா?

இல்லை, இங்கே தேதியும் உண்டு, நிலைமையும் உண்டு. நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலை குளிர்கால நிலையில் இருந்தால் நான்கு சக்கரத்திலும் குளிர்கால டயர் வேண்டும். அதற்குப் பதிலாக, இன்ஜின் சக்தி போகும் சக்கரங்கள் இரண்டிலாவது சங்கிலி மாட்டி ஓட்டலாம். ஆனால் சாலை முழுக்க, அல்லது கிட்டத்தட்ட முழுக்கப் பனி மூடியிருந்தால் மட்டும்தான். திட்டுத் திட்டாகப் பனி கிடக்கும் சாலையில் சங்கிலியோடும் போக முடியாது, கோடை டயரோடும் போக முடியாது. இன்ஸ்புரூக் பக்கம் பாதி நாட்கள் சாலை அப்படித்தான் இருக்கும். அதனால் 'சங்கிலி இருக்கிறது, சமாளிக்கலாம்' என்ற கணக்கு ஆஸ்திரியாவில் தப்பு.

இன்னொரு கண்டிப்பு பள்ள ஆழம். 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால், பனிப்பூ இருந்தாலும் ஆஸ்திரியாவில் அது குளிர்கால டயராக எண்ணப்படாது. 3.5 டன்னைத் தாண்டிய வண்டிக்கு 5 மில்லிமீட்டர். ஜெர்மனியில் சட்டப்படி 1.6 மில்லிமீட்டரே போதும். மியூனிக்கில் செல்லுபடியாகும் டயர், ஒன்றரை மணி நேரம் தெற்கே ஓட்டினால் செல்லாது.

பிரான்ஸின் 'மலைச் சட்டம்' என்ன சொல்கிறது?

2021 நவம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. ஆல்ப்ஸ், ஜூரா, வோஸ்ஜ், பிரனீஸ், மத்திய மலைத்தொடர், கோர்சிகா ஆகிய மலைப்பகுதிகளைத் தொடும் மாவட்டங்களில் எந்தெந்த ஊர்கள் என்பதை அந்தந்த மாவட்ட நிர்வாகம் குறிக்கிறது. நான்கு குளிர்கால டயர் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு சக்கரத்துக்கான சங்கிலியையோ, டயரின் மேல் மாட்டும் துணி உறையையோ வண்டியில் வைத்திருக்க வேண்டும். மாட்டியிருக்க வேண்டியதில்லை, கையில் இருந்தால் போதும். சட்டம் மோட்டார்ஹோமைப் பெயர் சொல்லியே உள்ளே கொண்டுவருகிறது. 'இது கார் இல்லையே' என்று வாதாட இடமில்லை.

பகுதி தொடங்கும் இடத்தில் மலையும் டயரும் சங்கிலியும் வரைந்த பலகை இருக்கும். அது வேறு, நீல வட்டத்துக்குள் சங்கிலி மாட்டிய டயர் வரைந்த பலகை வேறு. நீல வட்டத்தைப் பார்த்தால் வண்டியில் வைத்திருப்பது போதாது. அந்த இடத்திலேயே இறங்கி மாட்ட வேண்டும்.

இத்தாலி?

நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, சாலை நிர்வாகங்கள் அறிவித்த சாலைகளில், குளிர்கால டயர் அல்லது வண்டிக்குள் சங்கிலி. ஆஸ்திரியாவிலிருந்து இறங்கும் பிரென்னர் நெடுஞ்சாலை அதில் ஒன்று. அங்கே காய்ந்த சாலையிலும் விதி பொருந்தும். வெயிலடிக்கும் நாளிலும் நிறுத்திக் கேட்கலாம்.

சுவிட்சர்லாந்தில் சட்டமே இல்லை என்கிறார்களே?

பொதுவான கட்டாயம் இல்லை என்பது உண்மை. ஆனால் வண்டி சாலைக்குத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற பொறுப்பு ஓட்டுநர் தலையில் இருக்கிறது. கோடை டயரோடு போய்ப் பனியில் போக்குவரத்தை மறித்தால் அபராதம் வரும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் 'கவனக்குறைவு' என்று சொல்லி இழப்பீட்டைக் குறைக்கவோ, கொடுத்த பணத்தில் ஒரு பங்கை உங்களிடம் திரும்பக் கேட்கவோ செய்யலாம். சங்கிலிப் பலகை இருந்தால் இழுக்கும் சக்கரம் இரண்டில் சங்கிலி கட்டாயம்.

சூரிச்சில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு அப்படியே தெற்கே இறங்க நினைப்பவர்களுக்கு: கோத்தார்ட் மலைக்கணவாய் குளிர்காலத்தில் மூடியிருக்கும், ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளமுள்ள சாலைச் சுரங்கம் திறந்திருக்கும். சுரங்கத்துக்குள் பனி இல்லை. சுரங்கம் வரை ஏறும் சாலையில்தான் டயரின் வேலை.

எங்கள் மோட்டார்ஹோம் முன் சக்கர இழுவை. சங்கிலி எந்தச் சக்கரத்தில்?

இன்ஜின் இழுக்கும் சக்கரத்தில், அதாவது முன்னால். ஃபியட் டுகாட்டோ, சிட்ரோயன் ஜம்பர், பெஜோ பாக்ஸர் அடித்தளத்தில் கட்டிய வண்டிகள் எல்லாம் முன் இழுவைதான். மெர்சிடிஸ் ஸ்பிரின்டரிலும் ஃபோர்டு டிரான்சிட்டிலும் இரண்டு வகையும் உண்டு. உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியில் வழக்கமாக வெளிச் சக்கரத்துக்கு மாட்டுவார்கள்.

முன் இழுவை மோட்டார்ஹோமுக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு, அதை விளங்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். வண்டியின் வால் பின் அச்சைத் தாண்டி நீண்டிருக்கிறது. அந்த வாலில்தான் 'கராஜ்' என்கிற பெட்டியறை. அதில்தான் பனிச்சறுக்குச் சாமான், மேசை நாற்காலி, அரிசி மூட்டை எல்லாம் போகிறது. பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 100 கிலோ ஏற்றினீர்கள் என்று வையுங்கள். இரண்டு அச்சுக்கும் நடுவே 4 மீட்டர் இருக்கும் வண்டியில், பின் அச்சில் 150 கிலோ கூடும், முன் அச்சில் 50 கிலோ குறையும். இழுக்க வேண்டிய சக்கரத்தின் மேல் இருக்கும் எடையைத்தான் நீங்கள் கழற்றி எடுக்கிறீர்கள். மேட்டில் ஏறும்போது எடை இன்னும் பின்னால் சாயும். முன் சக்கரம் சும்மா சுற்றும்.

எனவே கனமான சாமானை முடிந்தவரை இரண்டு அச்சுக்கும் நடுவே, தரையோடு தாழ்த்தி வையுங்கள். பின்னால் தொங்கும் சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், பனியில் யார் ஓட்டப் போகிறார்கள்? இது பைசா செலவில்லாத வேலை, ஆனால் பிடிப்பில் நல்ல வித்தியாசம் தெரியும்.

சங்கிலி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் டயரின் பக்கவாட்டில் உள்ள முழு அளவு: 225/75 ஆர் 16, 215/70 ஆர் 15 என்பதுபோல். 'ஃபியட் டுகாட்டோவுக்கு' என்று கேட்டு வாங்காதீர்கள். அதே டுகாட்டோ இரண்டு மூன்று டயர் அளவுகளில் வருகிறது. காருக்கான மெல்லிய சங்கிலியும் இந்த எடைக்கு ஆகாது. வேன், மோட்டார்ஹோம் என்று குறிப்பிட்ட தடித்த ரகத்தை எடுங்கள்.

அடுத்தது இடைவெளி. சக்கரத்தின் உள்பக்கம் பிரேக் குழாய்க்கும் ஷாக் அப்சார்பருக்கும் சங்கிலிக்கும் நடுவே போதிய இடம் இருக்கிறதா என்று வண்டியின் கையேட்டில் பாருங்கள். எந்த டயர் அளவுக்குச் சங்கிலி மாட்டலாம், எதற்கு மாட்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். தரத்துக்கு ஆஸ்திரிய முத்திரையான வி 5117 அல்லது வி 5119, அல்லது புதிய ஐரோப்பியத் தரமான இஎன் 16662-1 இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

எப்போது, எப்படி மாட்டுவது?

சக்கரம் சுற்ற ஆரம்பித்த பிறகு மாட்டுவது ரொம்பத் தாமதம். ஏற்றத்தின் அடிவாரத்தில் இதற்கென்றே சாலையோரம் அகலமான இடம் விட்டிருப்பார்கள். அங்கேயே சமதரையில் நிறுத்தி மாட்டிவிடுங்கள். அதைவிட முக்கியம், முதல் தடவை மாட்டுவது உங்கள் வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில் இருக்கட்டும்.

பொதுவாகக் கிடைக்கும் வளையச் சங்கிலியில் வேலை இப்படிப் போகும். சங்கிலியைத் தரையில் விரித்து முறுக்கு இல்லாமல் பாருங்கள். நெகிழும் கம்பி வளையத்தின் ஒரு நுனியைச் சக்கரத்தின் பின்னால் நுழைத்து மறுபக்கம் இழுத்து, இரண்டு நுனியையும் மேலே தூக்கி ஒன்றோடொன்று கோர்க்க வேண்டும். இந்த ஒரு கட்டம்தான் கஷ்டம், கை சக்கரத்துக்குப் பின்னால் போகும், கண்ணுக்குத் தெரியாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பி வைத்தால் முன் சக்கரத்தின் பின்பக்கம் வெளியே வந்து கைக்கு இடம் கிடைக்கும். பிறகு வளையத்தை டயரின் பின்பக்கம் சீராகத் தள்ளி, முன்பக்கக் கொக்கியை மாட்டி, இறுக்கும் சங்கிலியை இழுத்துப் பூட்டுங்கள். ஐம்பது, நூறு மீட்டர் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள். இந்த இரண்டாவது இறுக்கலைத் தவிர்ப்பவர்களின் சங்கிலிதான் கழன்று சக்கர வளைவைக் கிழிக்கும்.

சங்கிலிப் பைக்குள்ளேயே ரப்பர் உறை போட்ட கையுறை, தலையில் மாட்டும் விளக்கு, முழங்கால் போட ஒரு பழைய பாய், ஒளிரும் மேலுடை ஆகியவற்றையும் வையுங்கள். பையை கராஜின் அடியில் புதைக்காமல் கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

மாட்டிய பிறகு மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். ஜெர்மனியில் அதுவே சட்டம். கிளம்பும்போது சக்கரம் சுற்றாமல் இன்ஜினை அடக்கும் மின்னணு வசதி சில நேரம் வண்டியை அசையவே விடாது. அப்போது மட்டும் அதை அணைத்து, நகர்ந்ததும் திரும்பப் போடுங்கள். கருப்புத் தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும். காய்ந்த சாலையில் சங்கிலி டயரையும் தின்னும், தானும் அறுந்து போகும்.

துணி உறை வாங்கினால் ஆகாதா? மாட்டுவது சுலபமாக இருக்கிறதே.

பிரான்ஸில் சட்டப்படி ஆகும். ஜெர்மனியில் சங்கிலிப் பலகை உள்ள இடத்தில் அதை நம்பிப் போக முடியாது. புதுப்பனியில் துணி நன்றாகவே பிடிக்கும். இறுகிய பனிக்கட்டியில், செங்குத்தான ஏற்றத்தில், இவ்வளவு எடைக்கு அது சீக்கிரம் கிழியும். மோட்டார்ஹோமுக்குச் சங்கிலிதான் என் பரிந்துரை. துணி உறையை முகாமுக்குள் கடைசி இருநூறு மீட்டருக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பருவத்துக்குமான டயர் போட்டால்?

பனிப்பூ சின்னம் இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது குளிர்கால டயர்தான். மிஷெலின் கிராஸ்கிளைமேட் கேம்பிங் போல மோட்டார்ஹோமுக்கென்றே அப்படி வருகிறது. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் பனிப்பக்கம் போகிறவருக்கு இது நியாயமான தேர்வு. குளிர்காலம் முழுக்க மலையிலேயே இருப்பவர் தனிக் குளிர்கால டயர் போடட்டும்.

டயரில் 'சிபி' (CP) என்று இருப்பது அவசியமா? காற்றழுத்தம்?

மாதக்கணக்கில் முழு எடையோடு ஒரே இடத்தில் நிற்கும் வண்டிக்காகப் பக்கவாட்டை வலுப்படுத்திய ரகம் 'சிபி'. அந்த எழுத்து இல்லாத வேன் டயரையும் போடலாம், டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் சுமை எண் உங்கள் பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்குக் குறையாமல் இருந்தால். 'சிபி'யில் பின்பக்கம் 5.5 பார் வரை காற்று போகும். அதற்கு இரும்பு வால்வு வேண்டும், ரப்பர் வால்வு தாங்காது.

குளிரில் காற்றழுத்தம் இறங்கும். 5 பார் உள்ள டயரில் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ 0.2 பார். வீட்டில் 15 டிகிரியில் அடித்த காற்று, மைனஸ் 10-இல் அரை பார் குறைந்திருக்கும். மலையடிவாரத்தில் டயர் குளிர்ந்திருக்கும்போது மறுபடி பாருங்கள்.

வயதையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3819 என்றால் 2019-இன் 38-ஆம் வாரம். மோட்டார்ஹோம் டயர் மொட்டையாவதற்கு முன்னால் கிழடாகிவிடும். பள்ளம் 7 மில்லிமீட்டர் இருக்கும், ரப்பர் கெட்டியாகிப் பனியில் பிடிக்காது.

எங்கள் வண்டி 3.5 டன்னுக்கு மேல். என்ன மாறும்?

ஆஸ்திரியாவின் 5 மில்லிமீட்டர் கணக்கை மேலே சொன்னேன். நார்வேயில் நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை எல்லா அச்சிலும் குளிர்கால டயர் கட்டாயம், பள்ளம் 5 மில்லிமீட்டர். பனி இருக்கக்கூடிய காலத்தில் சங்கிலியும் வண்டியில் இருக்க வேண்டும். உங்கள் வண்டி இன்று எவ்வளவு எடை நிற்கிறது என்பது கேள்வியில்லை. பதிவுப் புத்தகத்தில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை என்று எழுதியிருப்பதுதான் கணக்கு.

வடக்கு நாடுகளும் கிழக்கும்?

சுவீடனில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சாலை குளிர்கால நிலையில் இருந்தால் கட்டாயம், வெளிநாட்டு வண்டிக்கும்தான். நார்வேயில் 3.5 டன்னுக்குள் உள்ள வண்டிக்குக் குளிர்காலத்தில் குறைந்தது 3 மில்லிமீட்டர் பள்ளமும் சாலைக்கேற்ற பிடிப்பும் வேண்டும். அங்கே ஆணி பதித்த டயர் அனுமதி உண்டு. ஜெர்மனியில் அது தடை.

சுலோவேனியாவில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை. செக் குடியரசில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சாலையில் பனி இருந்தாலோ எதிர்பார்க்கப்பட்டாலோ, 4 மில்லிமீட்டர். குரோஷியாவில் குறிப்பிட்ட சாலைகளில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. போலந்து, நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க், பிரிட்டன் ஆகியவற்றில் பொதுக் கட்டாயம் இல்லை.

வாடகைக்கு எடுக்கிறோம். டயர் அவர்கள் பொறுப்புதானே?

கேட்காமல் அப்படி நினைக்காதீர்கள். கட்டாயம் இல்லாத நாட்டில், உதாரணமாக பிரிட்டனில், வண்டி எடுத்தால் கோடை டயரோடுதான் பெரும்பாலும் தருவார்கள். பனிப்பூ சின்னம் உள்ள டயர், பள்ள ஆழம், சங்கிலி ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். சங்கிலி கொடுத்தால் அதன் பெட்டியில் உள்ள அளவை டயரோடு அங்கேயே ஒப்பிட்டுப் பாருங்கள். சாலையில் போலீஸ் நிறுத்தும்போது ஓட்டுகிறவரிடம்தான் கேட்பார்கள்.

வசந்தம் வந்ததும் குளிர்கால டயரைக் கழற்ற வேண்டுமா?

பெரும்பாலான நாடுகளில் சட்டம் கேட்காது. இத்தாலியில் மட்டும் கவனம்: பதிவுப் புத்தகத்தில் உள்ளதைவிடக் குறைந்த வேகக் குறியீடு (டயர் தாங்கும் அதிகபட்ச வேகத்தைக் காட்டும் எழுத்து) கொண்ட 'எம் பிளஸ் எஸ்' டயரோடு மே 16 முதல் அக்டோபர் 14 வரை ஓட்டக் கூடாது. குறியீடு சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் வருடம் முழுக்க ஓட்டலாம்.

டயர் தவிர, கிளம்பும் காலையில் வேறு என்ன?

கூரை. மூன்று மீட்டர் உயரத்தில் ராத்திரி விழுந்த பனி, கீழே ஹீட்டர் சூட்டில் உருகி, விடியலில் கட்டியாக உறைந்திருக்கும். பிரேக் போட்டால் அது உங்கள் முன்கண்ணாடியில் சரியும்; வேகமாகப் போனால் பின்னால் வருபவர் மேல் பலகையாகப் போய் விழும். அதை அகற்றாமல் சாலைக்கு வந்தால் ஜெர்மனியில் அபராதம் உண்டு. நீளும் கைப்பிடி வைத்த துடைப்பமும் ஒரு சிறிய ஏணியும் எடுத்துப் போங்கள். ராத்திரியிலேயே, படுக்கப் போகும் முன், கூரையிலோ பக்கவாட்டிலோ உள்ள ஹீட்டரின் புகைக்குழாய் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிடுங்கள். மூடினால் நச்சுப்புகை உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் குளிர்காலத்தில் வண்டிக்குள் தூங்காதீர்கள்.